ஆமென் வயர்

தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் சித்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பேர் கோயில் ரிஜிஸ்டரோடு சரி. மிஷன் காம்பவுண்டுத் தெருவில் அவர் பேர் டெஸ்டர்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். இவர் டெஸ்டர் வைத்திருப்பார். கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் உள்ளே குட்டி லைட் மினுக்குமே, அந்த டெஸ்டர்தான். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் டெஸ்டர் போகவில்லை. பெஞ்சில் உட்காரும் முன் பெஞ்சைத் தொடுவார். கேட்டைத் திறக்கும் முன் கேட்டைத் தொடுவார். புது பாஸ்டர் வந்த அன்று, சபையார் எல்லாரும் மாலை போட்டுக் கை கொடுத்தோம். டெஸ்டர் முறை வந்தது. பாஸ்டர் கையை நீட்டினார். இவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அந்தக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை கொடுத்தார்.

"என்ன ஐயா இது?" என்றார் பாஸ்டர்.

"ஒண்ணுமில்ல பாஸ்டர். போன பாஸ்டரு மைக்கைப் புடிச்சிக்கினே கை குடுப்பாரு. ரெண்டு வாட்டி ஷாக் அடிச்சிது. உங்களுக்குக் கரண்ட் இல்ல, நல்லவரு."

சிரிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனபோது ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து அதில் கிடத்தியிருந்தார்கள். டெஸ்டர் வந்தார். அழவில்லை, தலையைக் குனியவில்லை. நேரே போய்ப் பெட்டியின் விளிம்பில் டெஸ்டரை வைத்தார். செத்தவர் மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா மனுஷன் நீ! எங்க நைனாவுக்குக் கூடவா டெஸ்ட்டு?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். அதற்குள் டெஸ்டரில் லைட் மினுக்கியது. பெட்டி முழுக்கக் கரண்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டிமேல் விழுந்து அழுவதற்கென்றே செத்தவரின் தங்கை ஆட்டோவில் அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். டெஸ்டர் பிளக்கைப் பிடுங்கினார். "இப்ப அழுங்கம்மா, நல்லா அழுங்க" என்று வழி விட்டார். அந்த ஒரு நாள், அந்தத் தெருவில் ஒரு சாவோடு போயிற்று என்றால் அது அவரால்தான்.

என் பேர் எஸ்தர். அதனால் எனக்கும் அவருக்கும் ஆயுசு முழுக்க ஒரு தொல்லை இருந்தது. தெருமுனையில் யாராவது "எஸ்தரக்கா!" என்று கூப்பிட்டால் அவர் எட்டிப் பார்ப்பார். "டெஸ்டர் அண்ணா!" என்று கூப்பிட்டால் நான் எட்டிப் பார்ப்பேன். இரண்டு பேரும் எதிரெதிர் வாசலில் நின்று, "உன்னைத்தான்", "இல்ல, உன்னைத்தான்" என்று சொல்லிக்கொள்வோம். எனக்கு எழுபது தாண்டி, காதும் மந்தமானதற்கு அப்புறம் இது இன்னும் அதிகமாயிற்று.

காதைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு எல்லாம் கேட்கும். கோயிலில்தான் கஷ்டம். உயரமான கூரை, ஓடுகிற ஃபேன், பாஸ்டரின் மைக், எல்லாம் கலந்து குண்டானுக்குள் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். பிரசங்கம் கேட்காவிட்டால் போகட்டும், பெரும்பாலும் நஷ்டமில்லை. பாட்டு நம்பர் கேட்கவேண்டுமே!

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் சபையார் அடுத்த சரணத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் பாட்டுப் புத்தகம் மொத்தமும் என் வாயில் இருக்கிறது. நம்பரை மட்டும் சொன்னால் போதும், முதல் சரணத்திலிருந்து கடைசி ஆமென் வரைக்கும் பாடுவேன். சின்ன வயசிலிருந்து முன் பெஞ்சு என்னுடையது. நான் எடுத்தால்தான் பாட்டு எடுபடும் என்று நான் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்வார்கள். நான் மறுக்கமாட்டேன்.

எங்கள் கோயிலில் தமிழ்க்காரரும் தெலுங்குக்காரரும் ஒன்றாய் உட்காருவோம். ஒரே ராகம், இரண்டு பாஷை, இரண்டு புத்தகம். அவரவர் பாஷையில் அவரவர் பாடுவோம், வெளியே நின்று கேட்டால் ஒரே பாட்டாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு புத்தகத்திலும் நம்பர் வேறு. பாஸ்டர் முதலில் தெலுங்கு நம்பரைச் சொல்லி, அப்புறம் தமிழ் நம்பரைச் சொல்வார். இரண்டையும் இங்கிலீஷில் சொல்வார்.

ஒரு கல்யாணம். பாஸ்டர் என்னவோ சொன்னார். எனக்குத் "தர்ட்டி சிக்ஸ்" மட்டும் தெளிவாய்க் கேட்டது. எழுந்து நின்று, கீபோர்டுக்காரரைக் கூட எதிர்பார்க்காமல், கணீரென்று எடுத்தேன். பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்தான். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தெலுங்குப் புத்தகத்தில் முப்பத்தாறு கல்யாணப் பாட்டு. எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் முப்பத்தாறு, கல்லறையில் மண் போடும்போது பாடுவது.

ஒரு சரணம் முழுக்கப் பாடிவிட்டேன். நன்றாகவும் பாடினேன், அதுதான் கொடுமை. பின் பெஞ்சில் பசங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைத் திரும்பினபோது பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. முட்டி வலி என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவர் ஒருவர்தான் என்பது உங்களுக்கே தெரியும். நேரே வந்தார், என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, டெஸ்டரால் என் முட்டியை ஒரு தட்டு தட்டினார்.

"முட்டி நல்லாத்தான்க்கா கீது. காது போச்சின்னு சொல்லு. எதுக்கு முட்டி மேல பழி போடற?"

"எனக்கு ஒண்ணும் காது போவல. பாஸ்டருக்கு நம்பர் சொல்லத் தெரியல."

"சரி, பாஸ்டருக்கு வாயி போச்சி. உனக்குக் கண்ணு கீதில்ல?"

"கண்ணுக்கு இன்னா? நீ வாரதுக்கு முன்னாடியே நீ வாரது தெரியுது, கதவைச் சாத்தலாம்னு பாத்தேன்."

"கண்ணு கீது. போதும்" என்று எழுந்து போய்விட்டார். எதற்குக் கேட்டார் என்று சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

அந்த வாரமே திருப்பதியில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு பழைய லாட்ஜை இடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் 'ரூம் காலி' என்று சிவப்பிலும் பச்சையிலும் எழுத்து ஓடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி எல்.இ.டி. போர்டு ஒன்று குப்பையோடு கிடந்தது. கேட்டு வாங்கிவிட்டார். மகள் அதை ஒரு மஞ்சள் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். சித்தூர் பஸ்ஸில் ஏறினார்.

திருப்பதியிலிருந்து ஒருவர் மஞ்சள் துணியில் சட்டம் மாதிரி ஒன்றைக் கட்டி, பயபக்தியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "சாமி படமா?" என்று ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். கண்டக்டர் லக்கேஜ் என்று வாயே திறக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாகாலா கிட்டே இறங்கின ஒரு பெண், தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளித் துணிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டு வாசலில் அவர் மனைவி ரத்னம்மா முதலில் பார்த்தது போர்டை அல்ல, மல்லிகையை. ரத்னம்மா தெலுங்குக்காரி. கோபம் வந்தால் இரண்டு பாஷையும் ஒரே நேரத்தில் வரும்.

"ஏமண்டி, இந்தப் பூவு எவ குடுத்தா?"

"சாமின்னு நெனச்சி வெச்சாங்க."

"உங்களையா?"

"என்னை இல்லம்மா, இதை! படமான்னு கேட்டாங்க. தொறந்து பாத்தாத்தான் தெரியும்னேன். பொய்யா சொன்னேன்?"

அவர் சொன்னது பொய்யில்லை. திறந்து பார்த்த அப்புறமும் அது என்னவென்று தெரியவில்லை. அந்தப் போர்டை ஓட்டுகிற மூளைக் கார்டு மழையில் நனைந்து வெந்து போயிருந்தது. செய்த கம்பெனியின் பேர் இல்லை. படம் இல்லை, குறிப்பு இல்லை. உள்ளேயிருந்த சின்னச் சின்ன கறுப்பு சில்லுகளின் முதுகில் அச்சடித்த நம்பரை, வேறு யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று செய்தவனே சுரண்டி வைத்திருந்தான். ஒரு பட்டை வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்த வயரில் என்ன கொடுத்தால் எந்தப் புள்ளி எரியும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

டெஸ்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நம்புவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் தொட்டுத்தான் பார்க்கவேண்டும்.

சாப்பாட்டு மேஜை போயிற்று. ரத்னம்மா தரையில் தட்டு வைத்தாள். டெஸ்டர் கையில் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு முனையை வயரிலும் ஒரு முனையைச் சில்லிலும் வைப்பார். இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தால் மீட்டர் 'பீ' என்று கத்தும். சம்பந்தம் இல்லாவிட்டால் சும்மா இருக்கும். நாள் முழுக்கப் பீ, பீ. "ஏமண்டி, அன்னம் சல்லாரிபோதோந்தி!" என்று ரத்னம்மா கத்துவாள், சோறு ஆறிப்போகிறது என்று. இவர் "பீ வந்ததும் வரேன்" என்பார். நான் முட்டி வலியோடு தெருவைத் தாண்டிப் போய் எதிரே உட்கார்ந்துகொள்வேன். கோயிலுக்குத்தான் வலி, எதிர்வீட்டுக்கு இல்லை.

மூளை வெந்துபோயிற்றே, புதுசு வேண்டாமா? காலேஜ் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சாமான் செய்ய வாங்குவார்களாம், மைக்ரோகன்ட்ரோலர் என்று ஒரு நீலக் கார்டு. பிஸ்கட் அளவுதான் இருக்கும். திருப்பதியிலிருந்து மகள் அனுப்பினாள். அதைப் போர்டோடு கோர்த்தார். மகள் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி என்னவோ எழுதினார். போர்டு எரிந்தது!

எரிந்தது, ஆனால் நம்பர் இல்லை. கோலப்பொடி டப்பாவைக் காற்று தட்டிவிட்ட மாதிரி சிவப்பும் பச்சையும் இழுபட்டுக்கொண்டு ஓடியது.

"இன்னாப்பா இது, புழு நெளியற மாதிரி?" என்றேன்.

"ஆமென் கிடைக்கலக்கா" என்றார்.

"இன்னா கிடைக்கல?"

அவர் சொன்ன விளக்கத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. "நம்ம அறுப்புப் பண்டிகை விருந்துல பெஞ்சில வரிசையா குந்தறோமா? ஒரு கோடியில இருந்து தட்டைக் குடுக்கறாங்க. ஒரு தட்டுல சோறு கீது, ஒரு தட்டு காலி. ஒவ்வொருத்தரும் வாங்கிப் பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தள்ளறாங்க. கரண்டியால ஒரு தட்டு தட்டினா எல்லாரும் ஒரு எடம் தள்ளணும். தட்டு போற வயரு கெடச்சிடுச்சி. கரண்டி தட்டற வயரும் கெடச்சிடுச்சி. தட்டு கடைசி ஆள் வரைக்கும் போறதுக்குள்ள துன்ன ஆரம்பிச்சா இன்னா ஆவும்?"

"கலாட்டா ஆவும். பாஸ்டர் ஜெபம் பண்ணி ஆமென் சொன்னாத்தானே கை வெக்கணும்."

"அதான்! இந்தப் போர்டுல யாரோ ஆமென் சொல்றாங்க. சொன்னதும் அந்த வரிசை மொத்தமும் ஒரே நேரத்துல எரியணும். அந்த ஆமென் வயரு எதுன்னு தெரியல."

அன்று சாயங்காலம் பாஸ்டர், சபையாரை வீடு வீடாய் நலம் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டெஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. "எல்லாம் செஞ்சி பாத்துட்டேன். ஆமென் எங்கிட்ட இல்ல, போயிடுச்சி." பாஸ்டர் பதறிப்போய் உள்ளே வந்து, டெஸ்டரின் தோளில் கை வைத்து, "விசுவாசம் சில நேரம் அப்படித்தான் ஐயா இருட்டாகும், திரும்ப வரும்" என்றார். டெஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "இருட்டாவல பாஸ்டர், புள்ளிப் புள்ளியா எரியுது" என்றார். பாஸ்டர் மண்டியிட்டு ஜெபமே செய்துவிட்டார். முடிவில் நாங்கள் மூன்று பேரும் ஆமென் சொன்னோம். போர்டு மட்டும் சொல்லவில்லை.

அந்த ஆமென் வயர் கிடைத்த நேரம் நான் அங்கேதான் இருந்தேன். பட்டை வயரில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு வயரைத் தொட்டதும் நெளிந்துகொண்டிருந்த புழுவெல்லாம் சட்டென்று நின்றது. அதது அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. போர்டு நடுவில் பச்சையாய் ஒரு ஏழு.

நான்தான் சத்தமாய்ச் சொன்னேன், "ஆமென்!" என்று. அடுக்களையிலிருந்து ரத்னம்மாவும் சொன்னாள், எதற்கென்றே தெரியாமல்.

"இரு, இன்னும் ஒண்ணு காட்டறேன்" என்று கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார். அந்த ஏழு காணாமல் போயிற்று. மேல்வரி மட்டும் எரிந்தது. அது அணைந்து இரண்டாவது வரி எரிந்தது. அது அணைந்து அடுத்தது. ஒரு வரி வெளிச்சம், மேலிருந்து கீழே, படியில் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது.

"எப்பவும் ஒரு வரிதான்க்கா எரியும். மத்ததெல்லாம் இருட்டு. இப்ப வேகமாக்கறேன், பாரு."

வேகமாயிற்று. வெளிச்சம் இறங்கியது, ஓடியது, பறந்தது, நடுங்கியது. அப்புறம், எந்த நிமிஷத்தில் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஓடுவதெல்லாம் நின்றுவிட்டது. ஏழு திரும்ப வந்து அசையாமல் நின்றது. கல்லில் வெட்டின மாதிரி நின்றது. அதில் ஒரு வரி மட்டுமே எரிகிறது என்று எனக்குத் தெரியும். என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் அதே கண்ணுக்கு முழு ஏழும் தெரிந்தது. எத்தனை கிறிஸ்மஸ் நட்சத்திரம் பார்த்திருக்கிறேன், எத்தனை தேர் விளக்கு பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"பாத்தியா? உன் கண்ணும் ஏமாறுது, என் கண்ணும் ஏமாறுது, பாஸ்டர் கண்ணும் ஏமாறும். யாராச்சும் வெக்கப்படறாங்களா?" என்றார் டெஸ்டர், என்னைப் பார்க்காமல், வயரைப் பார்த்துக்கொண்டே. "காது ஒரு நாள் ஏமாந்திடுச்சின்னு நீ மட்டும் வூட்ல குந்திக்கினு கீற."

வீட்டுக்குப் போய் வெள்ளைப் புடவையை எடுத்துத் துவைத்துப் போட்டேன்.

பாட்டு நம்பர் காட்ட அந்தப் போர்டைக் கோயிலில் மாட்டுவதற்குக் கமிட்டி கூடியது. சபை மூப்பர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "லாட்ஜ் போர்டைக் கொண்டாந்து கோயில்ல மாட்டறதா? ஆராதனை நடுவுல 'ரூம் காலி'ன்னு ஓடினா மானம் போவாதா?"

"பின்னாடி பெஞ்செல்லாம் காலியாத்தானே கீது" என்றார் டெஸ்டர். "ஓடினாலும் அது பொய் சொல்லாது."

பாஸ்டர் சிரித்துவிட்டார். அதோடு கமிட்டி முடிந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். சிவப்பு தெலுங்கு நம்பர், பச்சை தமிழ் நம்பர். பாஸ்டர் மேடையில் ஒரு குட்டிக் கீபேடு. அதில் நம்பரைத் தட்டினால் சுவரில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பின்னால் பசங்கள் இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. இன்னொரு தரம் தப்பாய்ப் பாடினால் அந்தப் பெஞ்சில் நான் அப்புறம் உட்காரமுடியாது. பாஸ்டர் எழுந்தார், குனிந்து என்னவோ தட்டினார். சுவரில் பச்சை நம்பர் கல்லு மாதிரி நின்றது.

எழுந்தேன். எடுத்தேன். முழுத் தொண்டையில் எடுத்தேன். இரண்டு வரி போனதும்தான் கவனித்தேன், என்னைத் தவிர ஒருவரும் பாடவில்லை. கீபோர்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்து, பரிதாபமாய்ச் சொன்னார்.

"அம்மா, நான் இன்னும் நம்பரே சொல்லலையே!"

பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. டெஸ்டர் தன் இடத்திலேயே எழுந்து நின்று, "அக்கா எடுத்தாச்சி பாஸ்டர், இனிமே எதுக்குச் சொல்றீங்க? பாடுங்க!" என்று கத்தினார். முதலில் சிரித்த பசங்கள்தான் முதலில் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் தெலுங்குக்காரர்கள், அப்புறம் கீபோர்டு. அன்றைக்குப் போட்ட சத்தம், எனக்கே கேட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் டெஸ்டரும் ரத்னம்மாவும் திருப்பதிக்கே மகள் வீட்டோடு போய்விட்டார்கள். எதிர்வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, பார்த்தாலே பயமாயிருக்கிறது. பாஸ்டரும் மாற்றலாகிப் புதுசாய் ஒருவர் வந்திருக்கிறார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. போன மாதம் என்னிடம் வந்தார்.

"அம்மா, இந்தப் போர்டை ஆன் பண்ணதும் ஒரு கணம் ஒரு வார்த்தை வந்து போகுது. நீங்கல்லாம் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுது. செஞ்சவர் பேரு டெஸ்டர்னாங்க. அவர் பேரைத்தான் போட்டிருக்கார் போல. ஆனா எழுத்து தப்பா விழுது, 'எஸ்தர்'னு வருது. ஆள் வெச்சி சரி பண்ணிடட்டுமா?"

எனக்கு ஒரு நிமிஷம் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்து திருப்பதிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தால் அவர் கத்துவது எனக்குக் கேட்கும்.

"அது டெஸ்ட்டுக்கா!" என்று கத்தினார் டெஸ்டர். "எல்லா புள்ளியும் எரியுதான்னு பாக்க ஏதோ ஒரு வார்த்தை போடணும். எதைப் போட்டா இன்னா? வேணாம்னா எடுத்துடச் சொல்லு!"

"தப்பா விழுதுன்னு சொல்றாரு பாஸ்டரு."

"டெஸ்டர்னு கூப்ட்டா நீதானே எட்டிப் பாப்பே? அப்ப இன்னா தப்பு?" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பாஸ்டரிடம் போய், அந்த வார்த்தையை எடுத்தால் ஆமென் வயர் அறுந்துபோகும் என்று டெஸ்டர் சொன்னதாய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் கோயில் கதவைத் திறக்கிறவருக்கு முன்னாலேயே நான் போய் நின்றுவிடுகிறேன்.